நம்பர் போட்டால் போதுமா?

சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் காலண்டர் சீசன் வந்தால் வெளியூர் ஏஜென்ட்டுகள் வைஃபை கேட்பார்கள். "கெஸ்ட்டுக்குத் தனி பேரு, தனி விலேன் போட்டாச்சு சார்" என்பார்கள். நான் பார்த்த ஒரு அச்சகத்தில், கெஸ்ட்டில் இருந்துகொண்டே ஐபி அடித்தால் பில்லிங் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர் திறந்தது.

வேலை செய்தவரை அல்ல, அவர் படித்த மாதிரியான வழிகாட்டிகளைத்தான் குறை சொல்வேன். ஆக்சஸ் பாயின்ட்டில் வைஃபை பெயருக்கு எதிரே 20 என்று போட்டு சேவ் பண்ணச் சொல்வதோடு பல வழிகாட்டிகள் முடிந்துவிடுகின்றன. 1998-ல் வந்த 802.1கியூ தரம், ஃபிரேமில் 4 பைட் அடையாளச் சீட்டு ஒட்டுகிறது, அவ்வளவுதான். ஸ்விட்ச் போர்ட் அந்தச் சீட்டை ஏற்க வேண்டும். கடைசியில் ரவுட்டர். தடை விதி எழுதாவிட்டால், பல ரவுட்டர்கள் கெஸ்ட்டையும் ஆபீஸையும் தாமே இணைத்துவிடும். இணைப்பதுதானே ரவுட்டரின் வேலை!

பட்டாசு ஆலையில் ஷெட்டுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவது, ஒன்றில் பிடித்த தீ அடுத்ததுக்குத் தாவாமல் இருக்க. கதவில் வேறு நம்பர் எழுதினால் அந்த இடைவெளி வந்துவிடாது.

எல்லாம் முடிந்ததும் கெஸ்ட்டில் சேர்ந்து, ஆபீஸ் பிரிண்டரின் ஐபியை பிரவுசரில் அடித்துப் பாருங்க. பிங் மட்டும் போதாது. விண்டோஸ் ஃபயர்வால் பதிலை மறைத்திருக்கலாம். பிரிண்டர் பக்கம் திறந்தால் வேலை முடியவில்லை. இந்தச் சோதனையைச் சொல்லாத வழிகாட்டி அரைகுறைதான்.