யாரு பாக்க இந்தச் சிங்காரம்?

செமஸ்டர் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள். இரண்டாம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவனின் தலைமுடி செம்பு நிறத்தில் இருந்தது. ஒரு காதில் சின்னதாகக் கடுக்கன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்க்காரன். விடுமுறையில் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, அந்தக் கூலியில் செய்துகொண்ட அலங்காரம் அது. நான் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டேன்: “யாரு பாக்க இந்தச் சிங்காரம்?”

வகுப்பு சிரித்தது. அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தான். காதில் கடுக்கனும் இல்லை.

பெண் எழுத்து என்று ஒரு தாளை ஆண்டுதோறும் நடத்துகிறவள் நான். அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. சின்னசேலம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த காலத்தில், மளிகைக் கடைக்குப் போகக் கொஞ்சம் பவுடர் பூசினாலே அம்மாவிடமிருந்தும் பெரியம்மாவிடமிருந்தும் அது வரும். நீ உனக்காக உன்னை அழகாக வைத்துக்கொள்ள முடியாது, எவனையோ நினைத்துத்தான் செய்கிறாய் என்பதுதான் அதன் பொருள். என்னைக் குறுக வைத்த கேள்வியை நானே ஒரு பையன்மேல் வீசினேன். அது ஏன் அவ்வளவு எளிதாக என் வாயில் வந்தது என்று யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பொய்யைத் தள்ளிவைக்க வேண்டும். ஆண்கள் அலங்காரம் செய்துகொள்வதில்லை, அது பெண்களின் வேலை என்று சொல்லப்படுகிறது. ஒரு பஞ்சாயத்திலோ கட்சிக் கூட்டத்திலோ முன்வரிசையைப் பாருங்கள். கஞ்சி போட்டு, நீலம் முக்கி, மடிப்புக் கலையாமல் தேய்த்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முறுக்கிய மீசை, மையடித்த தலை. ஒரு பட்டுப்புடவைக்குக் கேட்கிற உழைப்பைவிட அதிகம் கேட்கும் உடை அந்த வெள்ளை. ஆனால் அதை யாரும் சிங்காரம் என்று சொல்வதில்லை. துவைத்தது, கஞ்சி போட்டது, தேய்த்தது எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் ஒருத்தி. ஆண்கள் அலங்காரம் செய்துகொள்வதில்லை என்பது ஓரளவு உண்மைதான். அவர்களுக்கு அலங்காரம் செய்துவிடப்படுகிறது. தானே சீப்பை எடுத்து, தானே கண்ணாடி முன் நிற்கும் ஆண்தான் கேலிக்கு ஆளாகிறான்.

அந்தக் கேலியின் முதல் சொல் “பொம்பள மாதிரி” என்பது. ‘பெண்’ என்பது வசையாக இருந்தால்தான் அந்தச் சொல் வலிக்கும். அடுத்து வருவது, திருநங்கைகளை இழிவுபடுத்த ஓர் எண்ணையே வசையாக்கி வைத்திருக்கிறார்களே, அது. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. பெண் கீழே இருக்கிறாள், அவள் பக்கம் ஓர் அடி இறங்கினாலும் உன்னையும் அங்கேயே வைப்போம் என்று பையன்களைச் சின்ன வயதிலேயே எச்சரிக்கின்றன. மருதாணிக்குக் கை நீட்டும் ஐந்து வயதுச் சிறுவனின் கையை “ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு?” என்று தட்டிவிடுகிறோமே, பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எங்கள் பகுதி தெருக்கூத்தின் மண். திரௌபதி வேடம் கட்டும் ஆண் கலைஞர் மணிக்கணக்கில் உட்கார்ந்து அரிதாரம் பூசி, கொண்டை வைத்து, பந்தலுக்குள் வரும்போது ஊரே கைகூப்புகிறது. விடிந்ததும் அதே கலைஞர் டீக்கடையில் கேலிப் பொருள். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் நாயகனின் தந்தை பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞர். கல்லூரி மாணவர்கள் அவர் வேட்டியை உருவித் தெருவில் ஓடவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் சாதி இழிவும் பெண்ணிழிவும் ஒரே கையால் செய்யப்படுகின்றன. மகன் படிக்கப்போன இடத்தில், தந்தையின் சாதியோடு அவர் உடம்பில் இருக்கும் நளினமும் குற்றமாகிறது. ஆணின் அலங்காரத்தைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் பாதியைத்தான் பேசுகிறார்கள்.

இனி சாதி. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது என்ற தடைகளைப் பெண்ணிய வகுப்பில் எப்போதும் சொல்வோம். அதே பட்டியலில் ஆண்களுக்கான தடைகளும் உண்டு. தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. எட்டில் பெரும்பாலானவை ஓர் உடம்பு எப்படித் தெரிய வேண்டும் என்பது பற்றியவை. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தபோது, நகையும் நல்லுடையும் அணிவதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றம் என்று தனியாகவே எழுத வேண்டியிருந்தது. அழகாக உடுத்துவது சட்டப் பாதுகாப்பு தேவைப்படுகிற உரிமையாக இருந்த நாடு இது.

ஆகவே எளிமை எல்லோருக்கும் ஒன்றல்ல. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேல்சட்டையைக் களைந்து இடுப்புத் துணிக்கு மாறினார். அது துறவாயிற்று. அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்து நின்றார். களைவதற்கு முதலில் அணியும் உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அணிவதுதான் அரசியல்.

இப்போது 2012க்கு வருகிறேன். அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று, எங்கள் மலைக்கு மேற்கே தர்மபுரி மாவட்டத்தில், இளவரசன் – திவ்யா திருமணத்தை ஒட்டி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அதையொட்டிய மாதங்களில் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். ‘நாடகக் காதல்’ என்ற சொல் ஊர் ஊராகப் பரவியது. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தர்மபுரியில் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

அந்தப் பேச்சைத் தன் பேச்சாக எடுத்துக்கொண்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. “சரியாத்தான் சொல்றாரு. ஜீன்ஸு போட்டா பெரிய இவனா?” என்றார் சித்தப்பா. அப்பா தலையாட்டினார். நான் கூடத்து ஓரத்தில் போர்வையை மடித்துப் போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் இருந்தது என் அண்ணனின் ஜீன்ஸ். ஆணியில் தொங்கியது அவன் கூலிங்கிளாஸ். வீட்டில் ஒருவருக்கும் அது நாடகமாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் தெரியவில்லை.

கறுப்புக் கண்ணாடி இந்த மாநிலத்துக்குப் புதிதா? எம்.ஜி.ஆர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகவே ஆண்டார். கருணாநிதியைக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும் இல்லாமல் நினைக்க முடியாது. இரண்டு முதல்வர்களின் முகத்தில் அடையாளமான பொருள், சேரியிலிருந்து வரும் இளைஞனின் முகத்தில் மட்டும் எப்படிச் சதியாகிறது? தனக்கு ஒதுக்கப்பட்ட தோற்றத்தைவிட நன்றாக அவன் தெரிகிறான் என்பதுதான் அங்கே குற்றம்.

இந்தப் பேச்சில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பெண்கள் நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான். அந்தக் கதையில் பெண் எங்கே இருக்கிறாள்? ஒரு கண்ணாடியைக் கண்டு மயங்குகிற பேதையாக. அவளுக்குக் கண் இருக்கிறது, அவள் பார்த்தாள், அவளுக்குப் பிடித்தது, அவள் முடிவு செய்தாள் என்பதை ஒப்புக்கொள்ள முடியாதவர்கள்தான் பழியைத் துணிமேல் போடுகிறார்கள். அவள் பார்வையை இல்லையென்று ஆக்குவதற்கு அவன் உடையைச் சூழ்ச்சியாக்க வேண்டியிருக்கிறது. ஆண் பெண்ணைப் பார்ப்பதற்குப் பெண் பார்க்கும் படலம் என்று பெயர் வைத்து, பஜ்ஜி, சொஜ்ஜி செய்து ஊரைக் கூட்டுகிறோம். பெண் ஆணைப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு சடங்கும் இல்லை.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் கௌசல்யாவும் சங்கரும் கடைக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில்தான் பட்டப்பகலில் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். தன் கணவன் எந்தச் சட்டையில் நன்றாக இருப்பான் என்று ஒரு பெண் கடையில் நின்று பார்ப்பது எவ்வளவு சாதாரணமான காரியம்! அந்தச் சாதாரணத்தைச் சாதி பொறுத்துக்கொள்ளவில்லை. “யாரு பாக்க இந்தச் சிங்காரம்?” என்ற கேள்விக்கு உண்மையான விடை அங்கே இருந்தது: ஒரு பெண் பார்க்க.

இதைச் சொல்லும்போதே எச்சரிக்கையும் வேண்டும். ஆண் அழகுபடுத்திக்கொண்டால் உடனே விடுதலை வந்துவிடாது. 2005இல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென்று சிவப்பழகுக் கிரீம் கொண்டுவந்தபோது, பெண்களின் கிரீமை ஒளிந்து பூசும் ஆணைக் கேலி செய்துதான் அதை விற்றது. வேலியை உடைக்கவில்லை, ஆண்களுக்குத் தனி வாசல் வைத்தது. நம்மைப் பல பத்தாண்டுகள் கூச வைத்த நிற வெறியை அவர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தது. மனைவி தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் நைட்டியைக் குறை சொல்கிற அழகனும் நம் தோழனல்ல. ஆகவே ஓர் ஆணின் அலங்காரத்தைப் பார்க்கும்போது நான் இப்போது இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன். இதற்கு உழைத்தது யார்? இவன் இப்படித் தெரிவதால் யாருக்கு எரிகிறது? செம்பு நிறத் தலையோடு வந்த என் மாணவனிடம் இந்த இரண்டையும் கேட்டிருந்தால் வெட்கப்பட வேண்டியவள் நான்தான். உழைத்தது அவன். எரிந்தது எனக்கு.

ஏன் எரிந்தது? 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை கல்வராயன். அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கிவரும் பழங்குடிப் பையன் தலையைக் குனிந்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, நன்றியோடு உட்கார வேண்டும் என்று எனக்குள் எங்கோ ஒரு படம் இருந்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. குடித்துக் கரையும் ஆண் உடம்பு, கலைந்த தலை, அவிழ்ந்த கைலி இவற்றை ஆம்பளை என்றால் அப்படித்தான் என்று ஏற்றுப் பழகிய ஊர் எங்களுடையது. அப்படிக் கிடந்தவரைப் பார்த்து யாரும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. சம்பாதித்த காசில் தன் முடிக்கு நிறம் பூசியவனைத்தான் கேட்டோம்.

இதே மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில், கூவாகம் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் பெண்கள், அவர்கள் அலங்காரத்தை ஆணின் அலங்காரமாக நான் பேசவில்லை. நான் நினைப்பது அரவானை. முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய உடம்பு என்பதாலேயே களப்பலிக்குத் தேர்வானவன். ஓர் இரவு மாப்பிள்ளை, மறுநாள் பலி. வேண்டுதலுக்காகச் சுற்றுவட்டாரத்து ஆண்களும் அவனுக்குத் தாலி கட்டிக்கொள்வது உண்டு. அந்த ஓர் இரவு யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை. சாமியின் பேரால் ஒரு நாள் விடுகிறோம். கல்யாணத்தின் பேரால் மாப்பிள்ளைக்கு ஒரு நாள் மாலையும் சந்தனமும் மையும் விடுகிறோம். மற்ற நாட்களில் ஆண் அழகாக இருப்பதை நாம் தாங்குவதில்லை.

அந்த மாணவனைக் கூப்பிட்டு வகுப்பின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். கேலி செய்தது வகுப்பின் முன்னால் என்பதால். “பரவால்லீங்க மேடம், முடிதானே” என்று சொல்லி உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடுக்கன் திரும்ப வரவில்லை.

அன்று மாலை அதே வகுப்பு மாணவி ஒருத்தி, நோட்டுக் கொடுக்க வந்தவள், மேசை அருகே தயங்கி நின்றாள். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அந்தக் கலரு அவனுக்கு நல்லாத்தான் இருந்துச்சு மேடம்.”

இதைச் சொல்ல அவள் வாசலைப் பார்க்க வேண்டியிருந்தது.