வேலியில் ஏறும் நீலம்

செம்பருத்தி குடும்பத்தில் நீலச் சாயலில் பூப்பவற்றில் ஒன்று தென்கொரியாவின் தேசிய மலரான முகுங்வா. அது குளிர்நாட்டுச் செடி. நீலப் பூ வேண்டுமென்றால் திருநெல்வேலி வெயிலுக்குச் சங்குப்பூதான் சரி.

விதைத்தோல் கெட்டி. ஒரு ராத்திரி ஊறவைத்து வேலியோரம் ஊன்றினால், கம்பியோ முருங்கையோ, கிடைத்ததைச் சுற்றி ஏறிவிடும். அவரைக் குடும்பம் என்பதால் வேர்முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அரிசி களைந்த தண்ணீரே அதற்கு விருந்து.

பூவின் அழகு அதன் தலைகீழ் அமைப்பில் இருக்கிறது. மற்ற பயறுப் பூக்களில் மேலே நிமிரும் பெரிய இதழ், இதில் கீழே விரிந்து, நடுவில் வெளிர்மஞ்சள் தீற்றலோடு வண்டு வந்து இறங்க இடம் கொடுக்கிறது. காலையில் பறித்தது சிவனுக்கு, மிஞ்சியது வெந்நீருக்கு. அந்த நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும்.

காய் முற்றுமுன் கிள்ளிவிடுங்கள். கொடி பூத்துக்கொண்டே இருக்கும்.