நடுக்கோடு எங்கே?

லெகோ விமானம் என்றதும் "பிள்ளைகள் விளையாட்டுதானே" என்று ஒதுங்கிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக வருகிறது. அதுவும் கோணல்மாணலான விமானங்களைக் கட்டுகிறவர்களின் வேலையைப் பாராமலே போய்விடுகிறார்கள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெகோ துண்டின் மேலே துருத்தி நிற்பதுதான் குமிழ். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6, தகட்டின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, 3.2. ஐந்து தகடு அடுக்கினால் 16 மில்லிமீட்டர், சரியாக இரண்டு குமிழ் அகலம். பக்கவாட்டில் திருப்பிக் கட்டும் வித்தையெல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. இவ்வளவு போதும்.

ஒரு மாதிரியைப் பார்த்ததும் எத்தனை துண்டு என்று கேட்காதீர்கள். அது கடைக்காரர் கேட்கும் கேள்வி. விமானத்தின் உடல் ஒற்றைப்படை அகலமா, இரட்டைப்படையா என்று பாருங்கள்.

புள்ளிக்கோலம் போட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஐந்து குமிழ் அகலத்தில் நடுவே ஒரு குமிழ் கிடைக்கும். வால் துடுப்பை அதன்மேல் நிறுத்தலாம். ப்ரொப்பெல்லரும் அதே நேர்கோட்டில் உட்காரும். ஆறு குமிழ் என்றால் நடுக்கோடு இரண்டு குமிழ்களுக்கு இடையே விழுந்துவிடும். அங்கேதான் ஜம்பர் தகடு வருகிறது: இரண்டு குமிழ் நீளம், நடுவில் ஒரே குமிழ். அதன்மேல் வைப்பதெல்லாம் அரைக் குமிழ், அதாவது 4 மில்லிமீட்டர் நகர்கிறது. கோலத்தில் ஊடுபுள்ளி செய்கிற வேலைதான். சோம்பேறிகள் இந்தச் சிரமமே வேண்டாமென்று இரண்டு குமிழ் தடிமனில் வாலை வைத்துவிடுவார்கள். அது கதவுப்பலகை மாதிரி நிற்கும். ஒற்றைப்படைக்காரருக்கும் சுகமில்லை, விமானியின் கண்ணாடிக் கூண்டுத் துண்டுகள் பெரும்பாலும் இரட்டைப்படை அகலத்தில்தான் கிடைக்கின்றன. ஆனாலும் நான் ஒற்றைப்படைக் கட்சி. ஒல்லியான வாலுக்காக எதையும் பொறுத்துக்கொள்வேன்.

இந்தக் கண்ணோடு ப்ளோம் உண்ட் ஃபோஸ் பிவி 141-க்கு வாருங்கள். ரிச்சர்ட் ஃபோக்ட் வடிவமைத்து 1938-இல் பறந்த ஜெர்மன் வேவு விமானம். எஞ்சினும் வாலும் ஓர் உடலில். ஆட்கள் இருக்கும் கண்ணாடிக் கூண்டு வலது இறக்கையில் தனியாக. சுற்றிலும் தடையில்லாமல் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பின்னால் வந்த பி வகையில், பின்பக்கத் துப்பாக்கிக்கு வழிவிட, வாலின் வலப்பக்கக் கிடைத்துடுப்பையே ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். இதற்கு நடுக்கோடு எங்கே? கண்ணுக்குத் தெரியாது, எடையில் இருக்கிறது. லெகோ மாதிரியை ஒற்றைக்கால் தாங்கியில் நிறுத்தும்போது கட்டியவர் அதைக் கண்டுபிடித்தாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பர்ட் ரூட்டானின் பூமராங் 1996-இல் பறந்தது. அதன் கோணலுக்கும் காரணம் உண்டு: ஓர் எஞ்சின் நின்றாலும் விமானம் பக்கவாட்டில் இழுபடக் கூடாது. 1942-இல் பறந்த வாட் வி-173-இன் இறக்கை தோசை போல வட்டம். மிக மெதுவாகவும் பறக்க வேண்டும் என்பதற்காக. காரணமே இல்லாமல் நாலு இறக்கையும் எட்டு பீரங்கியும் ஒட்டிவிட்டுக் கற்பனை என்கிறார்களே, அது வேஷம். குமிழ் வெளியே தெரிந்தால் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லும் விமர்சகர்களோ இன்னும் மோசம். வழவழப்புதான் வேண்டுமென்றால் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரிகள் இருக்கின்றன, அங்கே போகட்டும்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். என் 141 பல மாதம் இடப்பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது. கூண்டை ஒரு குமிழ் தள்ளினால் வலப்பக்கம் சாயும். ஒரு ராத்திரி, இரண்டே ஜம்பர் தகடு வைத்து அரைக் குமிழ் நகர்த்தினேன். நின்றது. விளக்கை அணைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் பிள்ளைகள் கட்டி முடித்து அலமாரியில் வைத்த விமானம் ஒன்று இருக்கும். அவர்களிடம் கேட்டு வாங்கி, ஓர் இறக்கையில் மட்டும் இரண்டு குமிழைக் குறையுங்கள். பிறகு அதை நேராக நிற்க வையுங்கள், பார்க்கலாம்.