பீஸ் ரேட்டில் எழுதுவது

இரண்டு வருடம் முன்பு நான் ஒரு கூகுள் ஷீட் வைத்திருந்தேன். முதல் கட்டத்தில் தேதி, அடுத்ததில் அன்று எழுதிய சொற்களின் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு 500 சொல் இலக்கு. எட்டினால் கட்டம் பச்சையாகும், எட்டாவிட்டால் சிவப்பு. மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இதைச் செய்யப் பத்து நிமிடம் போதும். கூடவே, அதிகாலையில் எழுவது எப்படி, படைப்பூக்கத்தைப் பழக்கமாக்குவது எப்படி என்று யூடியூபில் கிடைத்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு திருப்பூரிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

நான்கு மாதம் ஷீட் பச்சையாகவே இருந்தது. கிட்டத்தட்ட 60,000 சொல். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தத்தையும் படித்துப் பார்த்தேன். வைத்துக்கொள்ள ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. அதோடு எழுதுவதையே விட்டுவிட்டேன்.

எழுதாமல் இருந்த அந்த மாதங்களில்தான் எங்கள் ஊரைப் பற்றிய இரண்டு நாவல்களைத் திரும்ப வாசித்தேன். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998), எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணற்கடிகை’ (2004). கல்லூரிக் காலத்தில் ஊர்ப்பெருமைக்காகப் படித்தவை. இந்த முறை வேறு ஒரு கேள்வியோடு படித்தேன். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத் தூங்கத்தான் நேரம் இருக்கிற இந்த ஊரில், ஒரு மனிதன் எதை நம்பி எழுத உட்காருகிறான்?

திருப்பூர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு நாள் என்றால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவது. ஷிப்மென்ட் நேரத்தில் அதுவும் இல்லை, விடிய விடிய ஓடும். சனிக்கிழமை சம்பளம். கைமடிக்கும் செக்கிங்குக்கும் பெரும்பாலும் ஷிப்ட் கணக்கு. டெய்லருக்குப் பீஸ் ரேட், எத்தனை பீஸ் அடித்தாரோ அத்தனை காசு. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் தண்ணி குடிக்க எழுந்தாலும் அவர் காசுதான் குறையும். அதனால் மேஸ்திரி அவரை விரட்டவே தேவையில்லை. தன்னைத்தானே விரட்டிக்கொள்வார்.

‘மணற்கடிகை’ இந்த விரட்டலைப் பற்றிய நாவல். ஐந்து இளைஞர்கள் பனியன் தொழிலுக்குள் வருகிறார்கள். ஊர் வளர வளர அவர்களும் ஏறுகிறார்கள், சறுக்குகிறார்கள். பணம் வருகிறது, போகிறது. வாசிக்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்களுடைய தோல்விகள் இல்லை. ஜெயிக்கிற இடத்திலும் அவர்களால் நிற்க முடியவில்லை என்பதுதான். அடுத்த ஆர்டர், அடுத்த மெஷின், அடுத்த கட்டடம். தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. மணற்கடிகையில் மணல் விழுந்து முடிந்ததும் யாரோ அதைத் திருப்பி வைக்கிறார்கள், திரும்ப விழுகிறது.

படித்துக்கொண்டிருந்தபோதே என் ஷீட் ஞாபகத்துக்கு வந்தது. எழுத்து என்றால் இந்த ஊரின் ஓட்டத்திலிருந்து தப்பிக்கும் வழி என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் செய்துவைத்திருந்தது சுத்தமான பீஸ் ரேட். டெய்லரும் நானே, காண்ட்ராக்டரும் நானே. டெய்லருக்காவது சனிக்கிழமை காசு கிடைக்கும்.

நம் தலைமுறைக்குக் கிடைக்கும் ‘படைப்பு மனநிலை’ போதனைகளில் எனக்கு உறுத்துவது இதுதான். உற்சாகமாக இரு, தொடர்ந்து செய், எண்ணிக்கையைக் கூட்டு, பலன் வரும் என்கிறார்கள். எதைப் பார்த்து எழுதப் போகிறாய் என்று அதில் யாருமே கேட்பதில்லை. மனிதனை ஒரு உற்பத்தி அலகாக எடுத்துக்கொண்டு, அந்த அலகுக்கு எண்ணெய் போடும் வேலை அது.

பலன் என்றதும் ‘சாயத்திரை’யைச் சொல்ல வேண்டும். தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் சுப்ரபாரதிமணியன். செகந்திராபாத்தில் இருந்த காலத்தில் ‘கனவு’ என்ற சிற்றிதழைத் தொடங்கி, திருப்பூருக்கு வந்த பிறகும் நடத்தினார். ‘சாயத்திரை’ நொய்யலில் கலந்த சாயத்தின் நாவல். பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கொஞ்ச வருடத்திலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. ஊரே டாலர் கனவில் இருந்த நேரத்தில் இந்த மனிதர் ஆற்றின் நிறத்தைப் பார்த்து எழுதினார்.

அந்த நாவலுக்குப் பலன் இருந்ததா? விருது கிடைத்தது, வேறு மொழிகளுக்குப் போனது. ஆனால் ஆறு ஆறாகவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாவல் வந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த உத்தரவும் நாவலால் வந்ததில்லை, நொய்யல் பாசன விவசாயிகளின் வழக்கால் வந்தது. எழுதியவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. குழந்தைத் தொழிலாளர்கள், பனியன் தொழிலாளர்கள், கடைசியில் இங்கே துணி வாங்க வந்து தங்கிய ஆப்பிரிக்கர்கள் (‘நைரா’) என்று அடுத்தடுத்து அதே ஊரை எழுதிக்கொண்டே போனார்.

விமர்சனமாக ஒன்று சொல்ல வேண்டும். ‘சாயத்திரை’யில் சில இடங்களில் செய்தி கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் தகவல் பேசிவிடுகிறது. முதல் வாசிப்பில் அதை ஒரு பெரிய குறையாக நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். இப்போதும் அது குறைதான். ஆனால் அந்த அவசரம் என் 60,000 சொற்களில் இருந்த அவசரம் கிடையாது. அவர் கண்ணெதிரே ஒன்று செத்துக்கொண்டிருந்தது. எனக்கு இருந்ததெல்லாம் இன்றைய கட்டத்தைப் பச்சையாக்க வேண்டும் என்பதுதான்.

கோபாலகிருஷ்ணனுடையது இதற்கு எதிர்த்திசை. 2002இல் ‘அம்மன் நெசவு’, 2004இல் ‘மணற்கடிகை’. அடுத்த நாவல் ‘மனைமாட்சி’ வந்தது 2018இல். பதினான்கு வருட இடைவெளி. நடுவில் சிறுகதைகள் எழுதினார், மொழிபெயர்த்தார். என் ஷீட்டில் போட்டால் அந்தப் பதினான்கு வருடமும் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். ஒருவர் நிறைய எழுதினார், இன்னொருவர் நாவலுக்கு நாவல் இடைவெளி விட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தினசரி அட்டவணையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. காலடியில் இருந்த ஊரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்பதுதான் பொது.

அப்படியென்றால் ஒழுங்கே வேண்டாமா என்று கேட்கலாம். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலோப் தபால் துறையில் வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். யூடியூப் குருக்களுக்குப் பிடித்த ஆள். ஆனால் 1883இல் வெளியான அதே சுயசரிதையில்தான், பாத்திரங்களோடு நாவலாசிரியன் கூடவே வாழ வேண்டும் என்றும் சொல்கிறார். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்ட நாம் இதை விட்டுவிட்டோம்.

என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் செக்கிங்கில் இருந்தவர். ட்யூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, ஓட்டை இருக்கா, கறை இருக்கா, தையல் விட்டிருக்கா என்று பார்க்கிற வேலை. போன தீபாவளிக்கு எடுத்த டீசர்ட்டை நான் போட்டுப் பார்த்தபோது, தூரத்தில் இருந்தே “கண்ணு, இடது தோள்ல தையல் விட்டிருக்குது பாரு” என்றார். கண்ணாடி முன்னால் நின்றும் எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடத்தில் எத்தனை பீஸ் பார்த்திருப்பீங்கம்மா என்று ஒருதரம் கேட்டேன். “அதை யாரு எண்ணுனா? டேமேஜ் பீஸ் மட்டும் ஞாபகம் இருக்கும்” என்றார்.

ஷீட்டை அழித்துவிட்டேன். சொந்தக் கதை எதுவும் இன்னும் முடியவில்லை, இந்தக் கட்டுரைதான் இரண்டு வருடத்தில் முழுசாக எழுதியது. ஆனால் அந்த 60,000 சொற்களைத் திரும்ப எடுத்து, அம்மா செய்வது போல விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கெங்கே தையல் விட்டிருக்கிறது என்று இப்போதுதான் கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கிறது.