கண்ணுக்குத் தப்பும் பிழைகள்

“கலைவிழா” என்பது “கலைவிளா” என அச்சேறின் நகைக்கின்றோம், விழா மரமாகிவிட்டது. ழகரத்தை ளகரமாய் ஒலிக்கும் நம்மவர்க்கு இஃது எளிதில் நேர்வதே. “இரங்கலுரை” “இறங்கலுரை” ஆயின் நாணமும் உடனெழும். எனினும் இவை அஞ்சத்தக்கன அல்ல. பொருள் கெடுதலால் தம்மைத் தாமே வெளிப்படுத்துவன. பொருந்துவதுபோல் நின்று வேறுபொருள் தருவதே கொடிய பிழை. ஏட்டுச்சுவடிகளிற் புள்ளியிடாமையால் “கொடு”, “கோடு” என்பன ஒரே வடிவில் நின்றன. ரகரமும் காலும் வேறுபட்டில. இவற்றினூடே 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சொற்றோறும் ஐயுற்றே படித்திருத்தல் வேண்டும். இன்றைய கணனியோ விளாவை ஐயுறாது, அதுவும் தமிழ்ச்சொல்லே. எழுதியவர் தம் நினைவிலுள்ளதையே படிக்கின்றார். வாசகர் தாம் எதிர்பார்த்ததையே. (மலராசிரியர் எதனையும் படிப்பதில்லை என்பது மாணவர் குறும்பு.) ஆதலின் அச்சுப்படியை எழுதியவரிடம் மட்டும் திருத்தக் கொடுத்தல் போதாது. ஒருவர் மூலத்தை எழுத்தெழுத்தாக வாசிக்க, மற்றொருவர் அச்சுப்படியோடு ஒப்புநோக்குதல் வேண்டும்.