பழகு ஆங்கிலமும் பாட ஆங்கிலமும்

பாத்திரக் கடைக்காரனுக்கு மொழியியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொழிஞ்சாம்பாறையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தவன் நான். எனக்குச் சான்று கடைக்கு வரும் பிள்ளைகள்தான்.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் 1979இல் ஒரு பாகுபாடு சொன்னார். ஊரோடு பேசிப் பழகும் ஆங்கிலம் வேறு, பாடம் படித்து விடை எழுதும் ஆங்கிலம் வேறு. குடியேறிய பிள்ளைகளுக்கு முன்னது சுமார் 2 ஆண்டில் வந்துவிடும். பின்னதில் சக மாணவரை எட்ட 5 முதல் 7 ஆண்டு பிடிக்கும் என்பது அவர் கணக்கு. வாய் சரளமாக இருக்கிறதே என்று ஆசிரியர் ஏமாறக் கூடாது என்றார்.

நல்ல எச்சரிக்கைதான். தவணை வசூலிக்க மூணாறு போகும்போது பார்க்கிறேன்: வெள்ளைக்காரப் பயணிகளோடு ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கும் ஜீப் ஓட்டும் பையன், "பாங்கி பாரத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்கிறான். ஆனால் அதே பையன், மழையில் எந்த வளைவில் வண்டி போகாது, ஏன் வாடகை கூடும் என்று ஆங்கிலத்தில் காரணகாரியத்தோடு வாதாடுகிறான். அது வெறும் பழகு மொழியா? பள்ளிக்கூட மொழியை மட்டுமே உயர்ந்த அளவுகோலாக்குகிறார் என்று கம்மின்ஸை மறுத்தவர்கள் உண்டு. அதில் பாதி எனக்கும் சம்மதம்.

சித்தூர் வட்டத்திலோ கணக்கே தலைகீழ். டொரான்டோவில் பள்ளி மணி அடித்தால் பிள்ளை ஆங்கிலத் தெருவில் இறங்குகிறது. இங்கே வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம்; ஆங்கிலம் புத்தகத்தை விட்டு இறங்குவதே இல்லை. 1956இல் மாநிலம் பிரிந்த பின்னும் இங்கும் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. ஆனால் என் பேத்தி ஆங்கில வழி. ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பக்கம் தப்பில்லாமல் ஆங்கிலத்தில் எழுதுவாள். மொராதாபாத் பித்தளைக்காரர் போன் செய்தால், "தாத்தா, நீங்களே பேசுங்க" என்று கையில் திணித்துவிடுவாள். சரி, பாட ஆங்கிலமாவது இருக்கிறதே என்று நினைத்து, "இலைக்கு வெயில் எதுக்கும்மா? தமிழ்லயே சொல்லு" என்றேன். விழித்தாள். எழுதியதெல்லாம் உருப்போட்டது.

தாய்மொழியில் வேரூன்றிய கருத்து இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று கம்மின்ஸே வற்புறுத்தினார். "வீட்லயும் இங்கிலீஷ்தான் பேசுறோம்" என்று பெருமைப்படும் நம் சங்கத்துக் குடும்பங்கள் அந்தப் பாதியைக் கேட்பதில்லை.

எங்கள் சமயத்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை. நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் மாணவன் கடமைகளைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். வழக்கை அறிவது, பாடத்தைப் போற்றுவது, கேட்டதைச் சிந்திப்பது, ஒத்தவரோடு பயில்வது, வினாவுவது, விடை சொல்வது, எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. பேச்சு முதலில், பாடம் பிறகு என்று ஆண்டுக் கணக்குப் போடவில்லை.

இப்போது இரவில் கடை சாத்தியதும் பேத்தி ஒரு பாடத்தைத் தமிழில் எனக்கு விளக்குகிறாள். நான் புரியாதவன்போலக் கேள்வி கேட்கிறேன் (பாதி நடிப்பில்லை). பிறகு அதையே பித்தளைக்காரருக்குச் சொல்வதுபோல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஒளிச்சேர்க்கைக்கு மட்டும் 10 நாள் பிடித்தது.