தோலைப் படித்த மரபுகள்

மலேசியாவின் சுங்கை பூலோவில் 1930-ல் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்த காலம் அது. தோட்டப்புறத் தமிழர்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள். தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் உண்டு என்பதை பெட்டிட், ரீஸ் இருவரும் 1964-ல் உலகுக்கு நிரூபித்ததும் சுங்கை பூலோ நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைக் கொண்டுதான்.

இந்த நோயை வகைப்படுத்துவதில் நான்கு மரபுகள் உண்டு. நான்குக்கும் அளவுகோல் வேறு.

முதலாவது, கண்ணையும் கையையும் நம்பியது. சித்த மருத்துவம் குட்டத்தைப் பதினெட்டாக வகுத்தது. இன்று தனித்தனி நோய்களாகப் பிரிக்கப்படும் பல தோல் நோய்கள் அந்தக் கணக்கில் அடங்கின. பார்த்தும் தொட்டும் அறியும் வழக்கம் மட்டும் மாறவில்லை. வெளுத்த திட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்பதே இன்றைக்கும் மருத்துவர் பார்க்கும் முதல் சோதனை.

இரண்டாவது, நுண்ணோக்கி மரபு. 1873-ல் நார்வேயின் ஹான்சன் கிருமியைக் கண்டார். 1966-ல் ரிட்லி, ஜாப்ளிங் இருவரும் நோயை ஐந்து படிகளாக அடுக்கினார்கள். ஒரு முனையில் கிருமி அரிது, திட்டுகளும் சிலவே. மறுமுனையில் தோலெங்கும் கிருமி. கிருமி ஒன்றுதான், அதை எதிர்க்கும் உடல்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த எதிர்ப்பே இவர்களுடைய அளவுகோல்.

உடல் ஏன் இப்படி வேறுபடுகிறது? இதற்கு விடை தேடியது மூன்றாவது மரபு. 1991-ல் மாட்லின் குழுவினர் தோல் திட்டுகளில் உள்ள சமிக்ஞைப் புரதங்களை ஒப்பிட்டார்கள். கிருமி அரிதான முனையில் இன்டர்ஃபெரான் காமா ஓங்கி நின்றது. கிருமி மிகுந்த முனையில் இன்டர்லூக்கின் 4, 10 ஓங்கி நின்றன. இன்டர்ஃபெரான் காமா செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் ஒட்டியதும், உட்புறத்தில் ஜாக் எனும் நொதிகள் விழிக்கின்றன. அவை ஸ்டாட்-1 என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. ஸ்டாட்-1 இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய், எதிர்ப்புக்கான மரபணுக்களை இயக்குகிறது. கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் அதைக் கொல்லும் வலிமை பெறுகிறது. மேல்தோலின் கெரட்டினோசைட் செல்லும் சும்மா இருப்பதில்லை. இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபாவை முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கிறது. செல் சிதைந்தால் அது வெளியேறி அபாயத்தை அறிவிக்கும். எதிர்ப்பு அளவு மீறினாலும் கேடுதான். சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பிறகோ திட்டுகள் திடீரெனச் சிவந்து, நரம்பு வீங்கி வலிப்பது இந்தப் புரதங்களின் கொந்தளிப்பால்தான். கிருமியைவிட இந்த வீக்கமே பலருடைய கைகால்களை முடக்கியிருக்கிறது.

நான்காவது, களப்பணி மரபு. உலகச் சுகாதார நிறுவனம் 1982-ல் கூட்டு மருந்தோடு எளிய பிரிவினை ஒன்றையும் தந்தது: கிருமி குறைந்தவர், கிருமி மிகுந்தவர். பின்னாளில் ஐந்து திட்டு வரை ஒரு வகை, அதற்கு மேல் மற்றது என்று எண்ணினால் போதும் என்றானது. முதல் வகைக்கு ஆறு மாதம், அடுத்ததற்குப் பன்னிரண்டு மாதம் மருந்து. ஆய்வுக்கூடம் இல்லாத கிளினிக்கிலும் இது நடக்கும்.

நுட்பத்தில் மூன்றாவது மரபை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நோயாளிக்கு அதிகம் உதவியது நான்காவதுதான் என்பது என் முடிவு. உடல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று மூன்றாவது சொல்கிறது. இன்றைக்கு என்ன மருந்து, எத்தனை மாதம் என்று நான்காவது சொல்கிறது. திட்டு சிவந்ததும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையை நிறுத்துபவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வீக்கத்தை அடக்க மருந்து இருக்கிறது. நாள் கடந்து மரத்துப்போன நரம்பை மீட்பது அரிது.